ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன், குற்றவாளி மூக்குக் கண்ணாடி

இரண்டு வருஷமாக ராத்திரி பத்து மணிக்கு மேல் என் தலையில் ஏறி உட்காருவது பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ ஹெட்போன், 80 ஓம் மின்தடை உள்ள மாடல். பகலெல்லாம் கணக்குப் புத்தகங்களோடு மல்லுக்கட்டுகிறவன் நான். வீடு தூங்கிய பிறகு கிடைக்கிற ஒன்றரை மணி நேரம்தான் எனக்கும் பாட்டுக்கும். பக்கத்து அறைக்குச் சத்தம் போகக்கூடாது என்பதால் மூடிய வகை ஹெட்போனாகப் பார்த்து வாங்கினேன்.

இங்கே எழுதப்போவது அந்த ஹெட்போனைப் பற்றி மட்டும் இல்லை. அதை இன்னும் நன்றாகப் பாட வைக்கிறேன் என்று கிளம்பி நான் வாங்கியது, மாற்றியது, இலவசமாக இறக்கிக்கொண்டது எல்லாம் இதில் வரும். எது காதுக்குத் தெரிந்தது, எது மனசுக்கு மட்டும் தெரிந்தது என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன். இந்த விஷயத்தில் நான் இன்னும் கற்றுக்குட்டிதான். ஆனால் செய்த தப்பையெல்லாம் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கும் கற்றுக்குட்டி. கணக்கு எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது.

முதலில் ஹெட்போன். கேபிளைச் சேர்க்காமல் 270 கிராம். கேபிள் நேரானது, 3 மீட்டர், கழற்ற முடியாது. காதைச் சுற்றி உட்காருகிற மெத்தை சாம்பல் நிற வெலூர், வேர்க்காது, உறுத்தாது. மெத்தை தேய்ந்தால் தனியாக வாங்கி நாமே மாற்றிக்கொள்ளலாம், இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1937-இலேயே டிடி 48 என்ற டைனமிக் ஹெட்போனைப் போட்ட கம்பெனி. அந்த 'டிடி'தான் இன்றைக்கும் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ப்ரோ வரிசையிலேயே 32 ஓம், 250 ஓம் மாடல்களும் உண்டு.

சத்தத்தைப் பற்றி வாங்கும் முன்பே படித்திருந்தேன். எல்லோரும் சொன்னது இரண்டு விஷயம். பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, தாராளம். டிரெபிள், அதாவது உச்ச ஒலி, கூர்மை, முக்கியமாக 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முள். பலர் எடுத்துப் போட்ட அளவீடுகளிலும் அந்த மேடு தெரியும்.

எனக்கு முள் மட்டும் கிடைத்தது. பாஸ் கிடைக்கவில்லை.

நான் எந்தக் கருவியையும் முதலில் சோதிப்பது மிருதங்கத்தை வைத்துத்தான். வலந்தலையில் 'நம்' என்று விழுகிற விரல் எந்த மலிவு இயர்போனிலும் கேட்டுவிடும். இடது பக்கமான தொப்பிதான் பரீட்சை. இடது கை அழுத்தி இழுக்கும்போது உள்ளே உருண்டு மேலே ஏறுகிற கும்கி, அடிவயிற்றில் கேட்க வேண்டும். என் காதில் அது அட்டைப்பெட்டியில் தட்டுவது போலக் கேட்டது. தட்டினார் என்று தெரிகிறது, உருளவில்லை. பாஸ் கிட்டாரின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ். அது ஓடுகிறது என்பதை யூகித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

சரி, சத்தத்தைக் கூட்டினால் பாஸ் வரும் என்று கூட்டினேன். பாஸ் வருவதற்கு முன்னால் முள் வந்து குத்தியது.

அப்போது எனக்குக் கிடைத்த அறிவுரை, இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக நுழைகிற எல்லோருக்கும் கிடைப்பதுதான்: "80 ஓம் ஹெட்போனை ஃபோனோ லேப்டாப்போ தள்ளாது. பாஸுக்குத்தான் கரெண்ட் அதிகம் வேண்டும். ஒரு ஆம்ப்ளிஃபயர் போடு, பார்." சொன்னவர் நல்ல மனசோடுதான் சொன்னார். வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, அதன்மேல் பிழை ஒன்றும் இல்லை என்பதால். கைக்கடக்கமான கறுப்புப் பெட்டி, முன்னால் அலுமினியக் குமிழ். குமிழைத் திருகும்போது வெண்ணெயில் விரல் ஓடுகிற மாதிரி இருந்தது. அந்தக் குமிழுக்காகவே பாதி மயங்கிவிட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

முதல் ராத்திரி சொர்க்கம். பாடகருக்கு உடம்பு வந்துவிட்டது, மேடை அகலமாகிவிட்டது, பாஸ் 'இறங்கிவிட்டது'. மூன்று வாரம் இப்படியே போயிற்று. பிறகு என் மகள் ஒரு கேள்வி கேட்டாள்.

"நல்லா இருக்குங்கறது எப்படித் தெரியும்? எது எதுன்னு தெரிஞ்சுகிட்டே கேட்டா அப்படித்தான் இருக்கும்."

சண்டை போட்டுப் பயன் இல்லை, சோதனை போட்டோம். லேப்டாப்பில் ஒரு பக்கம் ஹெட்போனைச் செருகுகிற சின்ன யுஎஸ்பி டாங்கிள், இன்னொரு பக்கம் ஆம்ப்ளிஃபயர். நான் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். அவள் பின்னால் உட்கார்ந்து காசைச் சுண்டிப் போட்டு, தலையா பூவா பார்த்து, எதில் செருக வேண்டுமோ அதில் செருகுவாள். முதல் நாலு தடவையிலேயே ஒரு ஓட்டை தெரிந்தது: மாற்றாதபோது செருகுகிற சத்தமே வராது, எனக்கு விடை தெரிந்துவிடும். ஆகவே மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் பிடுங்கிச் செருகு என்று சட்டம் போட்டோம். பதினாறு சுற்று. பதினாலு சரி.

குருட்டாம்போக்கில் 16-க்கு 14 சரியாக வருவது ஆயிரத்தில் இரண்டு தடவைதான் நடக்கும். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மறுநாள்தான் நினைவுக்கு வந்தது: இரண்டிலும் சத்தம் ஒரே அளவா என்று நான் பார்க்கவே இல்லை. காதுக்கு ஒரு பலவீனம் உண்டு. கொஞ்சம் கூடுதல் சத்தத்தைச் 'சத்தம் கூட' என்று சொல்லாது, 'தெளிவு கூட, ஆழம் கூட' என்று சொல்லும். 1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் அளந்து காட்டிய விஷயமும் இங்கே கைகோத்துக்கொள்கிறது: சத்தம் குறையக் குறைய, காதுக்குத் தாழ்ந்த ஸ்வரங்கள்தான் மற்றவற்றைவிட வேகமாக மங்கும். திருப்பிப் பார்த்தால், இம்மி கூட்டினாலே பாஸ் 'இறங்கி'விடும்.

மல்டிமீட்டரை எடுத்தேன். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை வைத்து அளக்கத்தான் எல்லோரும் சொல்வார்கள். சாதாரண மல்டிமீட்டர் வீட்டுக் கரெண்டை அளக்கச் செய்தது, 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம்தான் நம்பிக்கையாகக் காட்டும். 60 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஒரு ஒய் கேபிள் போட்டு, ஹெட்போன் மாட்டியபடியே ஏசி வோல்ட்டைப் பார்த்தேன். டாங்கிளில் 0.30. ஆம்ப்ளிஃபயரில் 0.36. கணக்குப் போட்டால் 1.6 டெசிபல் வித்தியாசம். தனியாகக் கேட்டால் 'சத்தம் மாறிவிட்டது' என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த 1.6 டெசிபல்தான் மூன்று வாரமாக எனக்கு மேடையை அகலப்படுத்திக் கொண்டிருந்தது.

குமிழைத் திருகி இரண்டையும் 0.30-க்குக் கொண்டுவந்தோம். மறுபடி பதினாறு சுற்று. ஒன்பது சரி. காசு சுண்டினாலும் இதுதான் வரும்.

மகள் சிரிக்கவில்லை, அதுவே பெரிய தயவு.

இதைப் படித்துவிட்டு ஆம்ப்ளிஃபயரே ஏமாற்று வேலை என்று யாரும் கிளம்ப வேண்டாம். கணக்கு எளிது. என் ஹெட்போன் 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் தரும் என்று போட்டிருக்கிறார்கள். 80 ஓமில் 1 மில்லிவாட் என்பது ஏறத்தாழ 0.28 வோல்ட். நல்ல டாங்கிள் ஒன்று சுமார் 1 வோல்ட் தரும்; அது 11 டெசிபல் கூடுதல். ஆக 107 டெசிபல். நான் கேட்கிற அளவுக்கு இது எங்கேயோ மேலே. இதே கணக்கை வேறு ஹெட்போனுக்குப் போட்டால் விடை மாறும். சென்ஹெய்சர் எச்டி 600 எடுத்துக்கொள்ளுங்கள். 300 ஓம், 1 வோல்ட்டுக்கு 97 டெசிபல். பெரிய வாத்தியக் குழுவின் உச்சத்தை 110 டெசிபலுக்குக் கேட்க ஆசைப்பட்டால் நாலரை வோல்ட் வேண்டும், அதை டாங்கிளிடம் கேட்க முடியாது. ஹைஃபைமேன் எச்இ-6 மாதிரி 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான் தரும் பிளேனர் (தட்டைச் சவ்வு) வகை என்றால், கேள்வியே இல்லை, பெட்டி வேண்டும். லேப்டாப் ஜாக்கில் 'உஸ்' என்ற இரைச்சல் இருந்தாலும் வெளியே ஒரு டாங்கிள் போடுவது நல்லது. பழைய ரிசீவர்களின் ஹெட்போன் துளையில் மின்தடை நிறைய இருக்கும், அது ஹெட்போனின் சுபாவத்தையே கொஞ்சம் மாற்றிவிடும்; ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது நடைமுறைக் கணக்கு. இந்த மூன்றும் எனக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். அளக்காமல் வாங்கியது என் தப்பு.

அப்புறம் என் பாஸ் எங்கே?

அதையும் அவள்தான் கண்டுபிடித்தாள், தேடாமலே. சோதனை முடிந்து அலுத்துப்போய், "நான் ஒரு பாட்டு கேக்கறேன்" என்று ஹெட்போனை வாங்கி மாட்டினாள். நான் சத்தத்தைத் தொடவே இல்லை. கால் நிமிஷத்தில் ஒரு காதைத் தூக்கிக்கொண்டு சொன்னாள்:

"அப்பா, டொம்மு டொம்முனு அடிக்குது. பாஸே இல்லேன்னு எப்படிச் சொன்னீங்க?"

அதே டாங்கிள், அதே பாட்டு, அதே 0.30 வோல்ட். வாங்கி மாட்டினேன். அட்டைப்பெட்டி. அவள் மாட்டினாள். டொம். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் என் முகத்தைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது: என் முகத்தில் இருப்பதும் அவள் முகத்தில் இல்லாததும்.

கழற்றி மேஜைமேல் வைத்தேன். தடித்த கறுப்பு பிளாஸ்டிக் ஃபிரேம், காதுக்குப் போகிற கம்பி ஏறக்குறைய அரைச் சென்டிமீட்டர் பருமன். ஹெட்போனை மாட்டினேன். தொப்பி உருண்டது. கும்கி தரையிலிருந்து கிளம்பி மேலே ஏறியது. எனக்குத் தெரிந்த ஒலிப்பதிவுதான், ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். அதில் இரண்டாவது ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் வலது கையை நிறுத்திவிட்டு இடது கையால் மட்டும் பேசுகிறார் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

காரணம் விளங்கிக்கொள்ளக் கஷ்டமானது இல்லை. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம். காதுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் இருப்பதோ ஒரு கிண்ணம் அளவு இடம். அந்த இடத்துக்குள் அது அலையாக ஓடுவதில்லை. உள்ளே அடைந்திருக்கும் காற்றின் அழுத்தம் ஏறி இறங்குகிறது, அதைத்தான் பாஸ் என்று கேட்கிறோம். சைக்கிள் பம்பின் வாயை விரலால் சரியாக மூடாமல் அமுக்கிப் பாருங்கள். மெதுவாக அமுக்கினால் காற்று 'புஸ்' என்று போய்விடும், விரலுக்கு ஒன்றும் தெரியாது. வெடுக்கென்று அமுக்கினால் ஓட்டை இருந்தும் விரலை உதைக்கும். தாழ்ந்த ஒலி மெதுவான அமுக்கு. கண்ணாடிக் கம்பி மெத்தையைத் தூக்கிப்பிடித்து இரண்டு பக்கமும் சின்னச் சின்ன சந்து விட்டிருந்தது. பாஸ் எல்லாம் அதன் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. டிரெபிளுக்கு அந்தச் சந்து ஒரு பொருட்டில்லை. அதனால்தான் எனக்கு முள் மட்டும் கிடைத்தது.

உங்கள் ஹெட்போனிலும் பார்க்கலாம், காது மூடிய எந்த வகையானாலும். 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றைக் குறைந்த சத்தத்தில் ஓடவிடுங்கள். இரண்டு உள்ளங்கையாலும் மெத்தையை மெதுவாகத் தலையோடு அழுத்துங்கள். ஒலி பருத்தால் கசிகிறது என்று அர்த்தம். மாறவே இல்லையென்றால் கவலையை விடுங்கள். பிறகு ஒரு விரலை மெத்தைக்கு அடியில், தாடை எலும்பு முடிகிற இடத்தில் நுழையுங்கள். ஒலி கரைந்து காணாமல் போவதைக் கேட்டால் உடம்பு ஒரு நொடி சிலிர்க்கும். கண்ணாடி போடாதவர்களுக்கும் கசிவு உண்டு: கற்றை முடி, தாடி, காதுக்குப் பின்னால் எலும்புக் குழி, தேய்ந்து தட்டையான மெத்தை. திறந்த வகை ஹெட்போன்களில் இது இவ்வளவு உறைக்காது. காதுக்குள் நுழைக்கிற இயர்போன்களில் இதைவிட மோசமாக உறைக்கும். அங்கே ரப்பர் முனையின் அளவு தப்பினால் போதும், பாஸ் முழுசாகப் போய்விடும். பெட்டியோடு மூன்று அளவில் முனை கொடுப்பது அலங்காரத்துக்கு இல்லை. இடது காதுக்கும் வலது காதுக்கும் வேறுவேறு அளவு வேண்டியிருந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி நான் செய்தவை.

கண்ணாடியில்லாமல் கேட்பது முதல் யோசனை. கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவனுக்கு அது சரி. நான் கேட்டுக்கொண்டே திரையில் எதையாவது நோண்டுகிறவன். கண்ணாடியை ஹெட்போனுக்கு வெளியே, மெத்தைமேல் மாட்டிப் பார்த்தேன். ஒலி சரியாக இருந்தது. மனைவி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள்.

அடுத்தது மெத்தை. வெலூரைவிடத் தோல் மாதிரியான மெத்தை நன்றாக அடைக்கும் என்று படித்து, வேறொரு கம்பெனி மெத்தையை வாங்கினேன். மாட்டுவதே ஒரு சடங்கு. மெத்தையின் பின்பக்கம் இருக்கிற பாவாடையை ஹெட்போன் விளிம்பில் இருக்கும் பள்ளத்துக்குள் ஒரு ஓரத்தில் நுழைத்து, தலையணைக்கு உறை போடுவது போல் சுற்றிவர இழுத்துக்கொண்டே போக வேண்டும். முக்கால்வாசி வந்ததும் ஆரம்பித்த இடம் கழன்று கொள்ளும். முதல் காதுக்கு இருபது நிமிஷம், இரண்டாவதுக்கு மூன்று. கட்டைவிரலால் தள்ளாதீர்கள், ஒரு ஓரத்தை மாட்டி, அங்கேயே கட்டைவிரலை வைத்துப் பிடித்துக்கொண்டு, மெத்தையையே வட்டமாகத் திருகினால் தானாக உள்ளே விழுகிறது. இதை எனக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

அந்தப் புது மெத்தை கண்ணாடி இல்லாதபோது அருமையாக அடைத்தது. கண்ணாடியோடு வெலூரைவிட மோசம். ஸ்பாஞ்ச் விறைப்பாக இருந்ததால் கம்பியைச் சுற்றி மடங்கி உட்காரவில்லை, பாலம் போட்டது போல மேலே நின்றுவிட்டது. போதாக்குறைக்குப் பருமனும் கூட. ஸ்பீக்கர் காதிலிருந்து தள்ளிப்போய், பாடகரின் குரல் மூக்கடைத்தது போல ஆகிவிட்டது. ஆம்ப்ளிஃபயர் மாற்றியபோது பதினாறில் ஒன்பது வாங்கிய அதே காதுக்கு, மெத்தை மாற்றியதை ஒரு சோதனையும் இல்லாமல் அடுத்த அறையிலிருந்துகூடச் சொல்லத் தெரியும். ஒரே வாரத்தில் கழற்றி வெலூருக்கே திரும்பினேன். மலிவாக இருக்கிறது, வெல்வெட்டாக இருக்கிறது என்று கண்ட மெத்தையையும் போட்டால், அது வேறொரு ஹெட்போன் வாங்கியதற்குச் சமம். கம்பெனி மெத்தையையே வாங்குங்கள்.

பலித்தது கண்ணாடி மாற்றியதுதான். எப்படியும் பவர் மாறியிருந்தது. கடையில் ஃபிரேம் பார்க்கும்போது முகத்தைக் கண்ணாடியில் பார்க்காமல் கம்பியை விரலால் உருட்டிப் பார்த்த ஆள் நானாகத்தான் இருப்பேன். மெல்லிய டைட்டானியம் கம்பி, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட. வெலூர் மெத்தை அதைச் சுற்றி மூடிக்கொள்கிறது. 50 ஹெர்ட்ஸ் சோதனையில் அழுத்தும்போது இன்னும் கொஞ்சம் பருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். ஹெட்போனைச் செங்குத்தாக இறக்காமல், முதலில் காதின் பின்பக்கம் உட்காரவைத்துப் பிறகு முன்பக்கம் சாத்தினால் அந்தக் கொஞ்சமும் குறைகிறது.

மிச்சம் இருந்ததற்கு ஈக்யூ, அதாவது தாழ்ந்த ஒலி, உச்ச ஒலி என்று தனித்தனியாக ஏற்றி இறக்குகிற ஈக்வலைசர். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. கணினியில் எந்த ஆப்பில் பாட்டு ஓடினாலும் இதன் வழியாகத்தான் போகும் (சில பிளேயர்களில் எக்ஸ்க்ளூசிவ் மோடு போட்டிருந்தால் தாண்டிப் போய்விடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்). அதன் முகப்பு ஏதோ கணக்கர் செய்தது போல இருக்கும், எனக்குப் பிடித்துவிட்டது. பயமாக இருந்தால் பீஸ் என்ற மேல்முகப்பைப் போட்டுக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு ஃபோனில் வேவ்லெட் அதே மாதிரி வேலையைச் செய்கிறது. ஆயிரக்கணக்கான ஹெட்போன்களுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்ட அமைப்புகள் ஆட்டோஈக்யூ என்ற திட்டத்தில் இலவசமாக உண்டு. அவற்றில் பல, ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் 2013 வாக்கில் தொடங்கி வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிறந்த ஒரு வளைவை இலக்காக வைத்துச் செய்தவை. பலரையும் உட்காரவைத்துக் கேட்கச் சொன்னதில், நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கர் போல ஒலிக்கிற ஹெட்போன்தான் பெரும்பாலோருக்குப் பிடித்தது என்பது அதன் சாரம்.

என் ஹெட்போனுக்கான அமைப்பைப் போட்டேன். குரல் பக்குவமாயிற்று, முள் மழுங்கியது. பாஸ் மட்டும் மகள் கேட்ட அளவுக்கு வரவில்லை. கொஞ்சம் யோசித்தபின் புரிந்தது: அந்த அளவீடு எடுத்த பொம்மைத் தலை கண்ணாடி போட்டிருக்காது. மெத்தை முழுசாக அடைந்திருக்கும் என்று நினைத்துப் போட்ட கணக்கு அது. என் கசிவுக்கு நான்தான் தனியாகப் போட வேண்டும். பழைய தடித்த ஃபிரேமோடு இருந்த நாட்களில் 12 டெசிபல் ஏற்றிப் பார்த்ததும் உண்டு. அதற்காக மொத்தச் சத்தத்தையும் 12 டெசிபல் இறக்க வேண்டியிருந்தது, அப்படியும் பாஸ் வீங்கியதே தவிர இறங்கவில்லை. ஓட்டைக் குடத்தில் தண்ணீரை வேகமாக ஊற்றுவதுதான் அது. முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும், ஈக்யூ பிறகு.

இப்போது நான் வைத்திருப்பது இவ்வளவுதான்: 105 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதையெல்லாம் ஏற்றுகிற லோ ஷெல்ஃப் 4 டெசிபல் மேலே, 8,200 ஹெர்ட்ஸைச் சுற்றி மட்டும் தொடுகிற ஒரு பீக் ஃபில்டர், க்யூ (அதன் அகலத்தைச் சொல்கிற எண்) 3, 4.5 டெசிபல் கீழே. மொத்தச் சத்தத்தை இறக்குகிற ப்ரீஆம்ப் மைனஸ் 4.5. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். எங்கேயாவது ஏற்றினால் மொத்தத்தையும் அதே அளவாவது இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உச்ச இடங்களில் ஒலி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். இறக்கியபின் 'சப்பென்று ஆகிவிட்டதே' என்று தோன்றும்; மேலே சொன்ன 1.6 டெசிபல் கதைதான் அதுவும். வால்யூமை ஏற்றிச் சமப்படுத்திவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

அந்த 8,200 என் காது, உங்களுடையது இல்லை. முள் எங்கே நிற்கும் என்பது காதின் வடிவத்தையும் ஹெட்போன் உட்காரும் இடத்தையும் பொறுத்து நகரும். கண்டுபிடிக்க, 5,000-லிருந்து 10,000 வரை மெதுவாக ஏறுகிற ஒலி ஒன்றைத் தாழ்ந்த சத்தத்தில் ஓடவிட்டு, எங்கே 'சுருக்' என்கிறதோ அங்கே நிறுத்துங்கள். பாடகர் 'ஸ', 'ஷ' சொல்லும்போது கண் சுருங்குவது நின்றால் சரியான இடம். எனக்கு இதற்கு நாலு நாள் பிடித்தது, ஒவ்வொரு ராத்திரியும் பத்து நிமிஷம். ஒரே மூச்சில் உட்கார்ந்தால் காது பழகிப்போய்ப் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

மற்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகள்: சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸே 22,000 ஹெர்ட்ஸ் வரை தாங்கும், என் காது 13,000-இல் கடையைச் சாத்திவிடுகிறது. மகளுக்கு 17,000 கேட்கிறது, அவளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நல்ல ஒலிப்பதிவு எது என்று தேடுவதில் அந்த நேரத்தைச் செலவழிக்கலாம். ஹெட்போனை நூறு மணி நேரம் ஓடவிட்டால் 'பழகும்' என்கிறார்கள். என் அனுபவத்தில் பழகியவை இரண்டு, மெத்தையும் நானும்.

ஒரு லாபம் எதிர்பாராதது. பாஸைத் தேடிச் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனது நின்றுவிட்டது. முன்பு 0.30 வோல்ட்டில் இருந்தவன் இப்போது 0.17-இல் கேட்கிறேன், ஏறக்குறைய 5 டெசிபல் குறைவு. வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற வரம்பு; நான் அதற்கு எவ்வளவோ கீழே இருக்கிறேன். காதில் ராத்திரி படுக்கும்போது வருகிற 'கொய்ங்' சத்தம் இப்போது இல்லை.

ஹெட்போனுக்கு என் தீர்ப்பு: கண்ணாடி போடாதவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், முள்ளை மட்டும் ஈக்யூவில் தட்டிவிடுங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் உங்கள் கண்ணாடியோடு மாட்டிப் பார்க்காமல் எந்த மூடிய ஹெட்போனையும் வாங்காதீர்கள், இதையும் சேர்த்து. ஆம்ப்ளிஃபயரை 300 ஓம் ஹெட்போன் வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் வீட்டில் அது உண்மையிலேயே வேலை செய்கிறது. குமிழ் மட்டும் சில சமயம் நினைவுக்கு வரும்.

மகளும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அதே ஹெட்போனைத்தான் எடுக்கிறாள். அதனால் ஈக்யூவில் இரண்டு அமைப்பு. ஒன்றின் பெயர் 'கண்ணாடி', இன்னொன்று 'கண்ணாடி இல்லை'. போன வாரம் மாற்ற மறந்துவிட்டு என்னுடையதிலேயே கேட்டிருக்கிறாள். "தலை அதிருது" என்று மேஜையில் ஒரு துண்டுக் காகிதம் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.